பம்போடு தூங்குவது எப்படி: சாயங்காலம் தொடங்கி விடியும் வரை

இன்சுலின் பம்ப் மாட்டிய முதல் வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. புரண்டு படுத்தால் டியூப் பிடுங்கிக்கொள்ளுமோ, தூக்கத்தில் கை பட்டு மருந்து மொத்தமாக ஏறிவிடுமோ என்று இரண்டே பயம். ஆறு வருடம் ஆகிவிட்டது. அந்த இரண்டும் ஒரு தடவைகூட நடக்கவில்லை. என்னைப் படுத்தியதெல்லாம் சத்தமில்லாமல் மருந்து நின்றுபோன ராத்திரிகள்தான். ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்தால், கோளாறுக்கு வழி விட்டது சாயங்காலம் ஏழிலிருந்து பத்துக்குள் நான் செய்த, அல்லது செய்யாமல் விட்ட ஏதோ ஒரு சின்ன வேலை. அதனால் இந்த வழிகாட்டியைப் படுக்கையிலிருந்து தொடங்காமல் சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறேன்.

இதில் வரும் எண்கள் டைப் 1 நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுபவை. சுகர் அளவெல்லாம் மி.கி./டெ.லி. கணக்கு. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கிட்னிக் கோளாறு உள்ளவருக்கும் மாறும். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த எண் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ராத்திரியில் மட்டும் ஏன் இவ்வளவு எச்சரிக்கை

பேனாவில் ஊசி போடுகிறவர் உடம்பில் நாள் முழுக்க வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலின் ஒன்று இருக்கும். ஒரு வேளை ஊசி மறந்தாலும் அது தாங்கிப் பிடிக்கும். பம்பில் அந்தக் கையிருப்பு கிடையாது. உள்ளே இருப்பது லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமான இன்சுலின் மட்டும். அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்பதுதான் பேசல். பதினொரு மணிக்கு வரத்து நின்றுபோனால் மூன்று மணிக்கு உடம்பில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமிருக்காது. அதற்குள், இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறத் தொடங்கியிருக்கும். எட்டு மணி நேரம் அசந்து தூங்கி எழுந்தால் வாந்தியோடுதான் எழ வேண்டிவரும்.

லோ, அதாவது சுகர் மிகவும் இறங்கிப்போவது, அதுவும் லேசானதல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி என்ற நீரிழிவு ஆய்வில், பதிவான கடுமையான லோ நிகழ்வுகளில் பாதிக்கு மேல் தூக்கத்தில் வந்தவை. விழித்திருக்கும்போது படபடப்பும் வியர்வையும் தந்து எச்சரிக்கிற அட்ரினலின், தூக்கத்தில் அந்த அளவுக்குச் சுரப்பதில்லை. உடம்பின் மணி அடிக்காததால்தான் வெளியே ஒரு மணி தேவைப்படுகிறது.

சாயங்காலம்: செட் மாற்றும் வேலையை இருட்டுக்கு முன் முடியுங்கள்

நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். வீடு திரும்பும்போது பத்தரை. பம்புக்குள் மருந்து இருக்கும் குப்பியான ரிசர்வாயரில் நாலு யூனிட்தான் பாக்கி. பாதித் தூக்கத்தில் செட்டை, அதாவது மருந்தைத் தோலுக்குள் விடும் கேனுலா என்ற மெல்லிய குழாயையும் அதன் பிளாஸ்டரையும், மாற்றி வயிற்றில் ஒட்டிவிட்டு, சுகர் 140 என்று பார்த்து நிம்மதியாகப் படுத்தேன். அப்போது என்னிடம் சுகரை விடாமல் அளந்துகொண்டிருக்கும் சென்சார் கிடையாது. விடிகாலை நாலேகாலுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வந்தது. சுகர் 384. ரத்தக் கீட்டோன் 1.8. பம்ப் ஒரு முறைகூடக் கத்தவில்லை. திரையில் பேசல் ஒழுங்காகப் போவதாகத்தான் காட்டியது. ஒட்டியிருந்த பிளாஸ்டரைத் தொட்டால் ஈரம். முகர்ந்து பார்த்தால் இன்சுலினுக்கே உரிய அந்த ஆஸ்பத்திரி வாடை. பிடுங்கிப் பார்த்தபோது கேனுலா நுனி தூண்டில் முள் மாதிரி மடங்கியிருந்தது.

அலாரம் ஏன் அடிக்கவில்லை? மருந்து உடம்புக்குள் போனதா என்று பம்புக்குத் தெரியாது. டியூபில் அழுத்தம் கூடினால் மட்டுமே அடைப்பு என்று அது கத்தும். மணிக்கு 0.6 யூனிட் போகிற ராத்திரி பேசலில் அந்த அழுத்தம் சேரவே பல மணி நேரம் பிடிக்கும். மருந்து தோலோரமாக வெளியே கசிந்துகொண்டிருந்தால் அழுத்தம் ஏறவே ஏறாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்: செட் மாற்றுவது காலையில். தவறினால் தூங்குவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாக. இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்றினால் இன்னும் வசதி. சாப்பாட்டுக்காகச் சேர்த்துப் போடும் இன்சுலினான போலஸ் புது இடம் வழியாகப் போகும், இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் பார்த்தால் அந்த இடம் வேலை செய்கிறதா என்று விழித்திருக்கும்போதே தெரிந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை என்ற கணக்கை நாலாம் நாளுக்கு இழுக்காதீர்கள்; பழைய இடம் படுத்துக்கொள்வதற்கு நாலாம் நாள் ராத்திரியைத்தான் தேர்ந்தெடுக்கும். கேனுலா அடிக்கடி மடங்குகிறவர்கள் உலோக ஊசி செட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது மடங்காது, ஆனால் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

ரிசர்வாயரில் ஊற்றும் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பம்புகள் கணக்குப் போடுவது யு-100 இன்சுலினுக்கு, அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட். நம் ஊர் மெடிக்கலில் கிடைக்கும் பல குப்பிகள் யு-40. அவசரத்துக்கு வாங்கிவரச் சொல்லி யாரையாவது அனுப்பினால் இந்த எண்ணை எழுதிக் கொடுத்தே அனுப்புங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே நிரப்பினால் சூடு ஏற ஏறக் குமிழி கிளம்பும். கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு நிரப்புங்கள். டியூபில் மருந்து நிரப்பும்போது அதன் மறுமுனை உடம்பில் இருக்கவே கூடாது.

இரவுச் சாப்பாடு

இட்லி, சட்னி என்று எட்டு மணிக்கு முடித்த நாளில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பரோட்டா சால்னா, பிரியாணி நாளில்தான் கதை. கொழுப்பும் புரதமும் செரிமானத்தை இழுத்தடிக்கும். படுக்கும்போது 130 காட்டிவிட்டு ஒன்றரை மணிக்கு 270க்குப் போகும். போலஸ் முழுவதையும் முன்னாலேயே போட்டால் பத்து மணிக்கு லோ, இரண்டு மணிக்கு ஹை என்று இரட்டை அடி. பாதியை உடனே, மீதியை இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரித்து விடும் வசதி பெரும்பாலான பம்புகளில் உண்டு. எவ்வளவுக்கு எவ்வளவு என்பதை, மறுநாள் லீவாக இருக்கும் ஒரு சனிக்கிழமை சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குடித்த ராத்திரி இதற்கு நேர்மாறு. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடாது, லோ பல மணி நேரம் கழித்து வரும். சாயங்காலம் கிரிக்கெட்டோ பேட்மின்டனோ நன்றாக ஆடியிருந்தாலும் அப்படித்தான். அந்த நாட்களில் படுக்கும்போதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குத் தற்காலிக பேசலை 20 சதவீதம் குறைத்து வைக்கச் சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கும் முன்: ஒரு கழித்தல் கணக்கு

படுக்கும்போது சுகர் 160. நல்ல நம்பர்தானே என்று விளக்கை அணைக்கிறோம். ஆனால் ஒன்பதரைக்குப் போட்ட போலஸில் 2 யூனிட் இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு ஒரு யூனிட் 50 இறக்கும் என்றால் 2 யூனிட் 100 இறக்கும். 160ல் 100 போனால் 60. சாப்பாடு இன்னும் செரித்துக்கொண்டிருந்தால் அது ஈடு கொடுக்கும். முடிந்துவிட்டிருந்தால் ஒரு மணிக்கு லோ. பம்ப் திரையில் இருக்கும் ‘ஆக்டிவ் இன்சுலின்’ எண்ணைப் பார்க்காமல் தூங்கப் போவது, செலவைப் பார்க்காமல் பேங்க் பேலன்ஸைப் பார்ப்பது போல. அந்த எண் பெரிதாக இருக்கும்போது, படுக்கும் நேரத்து 220ஐப் பார்த்துப் பதறி, அதை இறக்க இன்னொரு கரெக்‌ஷன் போட்டு அடுக்காதீர்கள். ஆக்டிவ் இன்சுலின் ஏதும் இல்லாமல் 100க்கும் 140க்கும் நடுவில், ஏறாமல் இறங்காமல் இருந்தால் எனக்கு அது நல்ல ராத்திரி. 100க்குக் கீழே, சென்சாரின் அம்புக்குறியும் கீழ்நோக்கி என்றால் ஒரு டம்ளர் பாலோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிடாமல் படுப்பதில்லை.

அதன்பின் பம்பையே பார்க்க வேண்டும். ரிசர்வாயரில் ராத்திரிக்குத் தேவையானதைவிட 20 யூனிட்டாவது கூடுதலாக இருக்கிறதா, பேட்டரி விடியும்வரை தாங்குமா என்பது இரண்டு நொடி வேலை. சார்ஜ் ஏற்றும் வகை பம்ப் என்றால் டிவி பார்க்கும்போது ஏற்றிவிடுங்கள். படுத்தபின் ஏற்றிக்கொள்ளலாம் என்றால் அன்றைக்கென்று கரண்ட் போகும். பலர் கவனிக்காத ஒன்று கடிகாரம். 12 மணி நேர முறையில் ஏஎம், பிஎம் மாறிப்போனால் பகல் பேசல் ராத்திரியும் ராத்திரி பேசல் பகலிலும் ஓடும். பேட்டரி மாற்றிய நாளில் கட்டாயம் பாருங்கள். ‘ஆட்டோ ஆஃப்’ என்று சில பம்புகளில் ஒரு வசதி உண்டு. குறிப்பிட்ட மணி நேரம் யாரும் பட்டனைத் தொடவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிடும். மயங்கிக் கிடப்பவரைக் காப்பாற்ற வந்த வசதிதான். 8 மணி நேரம் என்று அதை வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி நேரம் தூங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

குளித்துவிட்டுப் படுக்கிறவர்கள் பம்பைக் கழற்றியிருப்பீர்கள். திரும்ப மாட்டியதும் ‘க்ளிக்’ சத்தம் கேட்டதா, லேசாக இழுத்தால் வராமல் நிற்கிறதா என்று விரலால் சரிபாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் பிளாஸ்டரைச் சுற்றி ஒரு பார்வை: ஈரம், சிவப்பு, டியூபில் ரத்தம், நீளமான காற்றுக் குமிழி. எது இருந்தாலும் அப்போதே மாற்றிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அலாரம் வைத்துச் சுகர் பாருங்கள். தூக்கம் கெடும்தான்.

பம்பை எங்கே வைப்பது? பைஜாமா பாக்கெட் சுலபம். லுங்கியில் பாக்கெட் கிடையாது, இடுப்பில் செருகினால் நடுராத்திரி லுங்கி ஒரு பக்கம் பம்ப் ஒரு பக்கம் கிடக்கும். எலாஸ்டிக் இடுப்புப் பட்டைதான் சரி. நைட்டி போடும் பெண்கள் தையல்காரரிடம் சொல்லி உள்பக்கம் ஒரு சின்னப் பை தைத்துக்கொள்கிறார்கள், டியூபுக்கு ஒரு காஜா ஓட்டையோடு. புரண்டு புரண்டு படுக்கிறவர்கள் 110 செ.மீ. நீள டியூப் வாங்கிப் பம்பைப் பக்கத்தில் சும்மா விடலாம். கனமான போர்வைக்கடியில் மட்டும் வேண்டாம், அலாரம் கேட்காது. கேனுலா இருக்கும் இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்; சூட்டில் மருந்து சட்டென்று உறிஞ்சப்படும். மே மாதம் கரண்ட் இல்லாத ராத்திரியில் ரிசர்வாயரும் சேர்ந்து வேகும். இன்சுலினுக்கு 37 டிகிரிக்கு மேல் ஆகாது. அப்படிப்பட்ட ராத்திரிக்குப் பிறகு காரணம் தெரியாமல் சுகர் ஏறினால் மருந்தையே மாற்றிவிடுங்கள்.

சென்சார் வைத்திருந்தால்

போன்தான் பலவீனமான கண்ணி. ‘தொந்தரவு செய்யாதே’ முறையிலும் அலாரம் அடிக்க அனுமதி கொடுத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே சென்சார் ஆப்பை ராத்திரியில் மூடிவிடும், அந்த ஆப்புக்கு மட்டும் அதை நிறுத்தி வையுங்கள். ஃபேன் சத்தத்தில் அசந்து தூங்குகிறவர் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்துவிடுவார். ராத்திரிக்கான அலாரம் எல்லையைக் கொஞ்சம் தளர்த்தி, லோவுக்கு 70, ஹைக்கு 250 என்று வைக்கலாம். 160க்கெல்லாம் அடிக்க விட்டால் நாலாம் நாள் காது அதைக் கேட்பதையே நிறுத்திவிடும்.

சென்சார் இருக்கும் கையின் மேல் படுத்தால் பொய் லோ வரும். அந்த இடத்தில் அழுத்தம் பட்டு, வரைபடம் செங்குத்தாக விழும். புரண்டு படுத்த கால் மணி நேரத்தில் திரும்பி வரும். விரலில் குத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள். குத்திப் பார்க்க முடியவில்லை, வியர்க்கிறது என்றால் மட்டும் யோசிக்காமல் அதை உண்மையான லோ என்றே நடத்துங்கள்.

தானாகப் பேசலைக் கூட்டிக் குறைக்கும் பம்புகள் வந்த பிறகு என் தூக்கம் நிஜமாகவே மேம்பட்டது. 2016ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினிமெட் 670ஜி இந்த வகையில் முதலாவது. 2019 கடைசியில் வந்த கன்ட்ரோல்-ஐக்யூ என்ற பம்ப் மென்பொருளில் தூக்கத்துக்கென்றே தனி முறை உண்டு, சுகரை 112.5க்கும் 120க்கும் நடுவில் பிடிக்கப் பார்க்கும். ஆனால் மடங்கிய கேனுலாவை எந்த மென்பொருளாலும் நிமிர்த்த முடியாது. செத்த இடத்துக்குள் அது மேலும் மேலும் மருந்து அனுப்பும். எல்லாம் உடம்பில் இருக்கிறது என்று கணக்கும் எழுதிக்கொள்ளும். தானியங்கி பேசல் உச்சத்தில் ஓடியும் சுகர் இரண்டு மணி நேரமாக இறங்கவில்லை என்றால் செட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

லோ அலாரம் அடித்தால்

பம்பை நிறுத்துவது முதல் வேலை அல்ல. இப்போது நிறுத்தினாலும் தோலுக்கடியில் ஏற்கெனவே இருப்பது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வாய்க்குச் சர்க்கரை போக வேண்டும். 70க்குக் கீழே என்றால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ தண்ணீரில். 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதனை, ஏறவில்லை என்றால் இன்னொரு 15. தானியங்கி பம்ப் முன்கூட்டியே மருந்தைக் குறைத்திருக்கும் என்பதால் அதற்குப் பத்து கிராமுக்குள்ளேயே போதும் என்பார்கள். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு தாமதப்படுத்தும். மருந்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ‘சஸ்பெண்ட்’ அழுத்துவதைவிட, அரை மணி நேரத்துக்குத் தற்காலிக பேசல் பூஜ்யம் என்று வைப்பது நல்லது. தானாகத் திரும்ப ஓடும். சஸ்பெண்ட் செய்துவிட்டு அப்படியே தூங்கிப்போனவர்கள் காலையில் ஹையோடு எழுந்திருக்கிறார்கள்.

250க்கு மேல் போனால்

இங்கே வரிசை முக்கியம், அதனால் எண் போட்டே எழுதுகிறேன்.

1. விரலில் குத்தி உறுதி செய்யுங்கள். ரத்தக் கீட்டோன் பாருங்கள்.
2. கீட்டோன் 0.6க்குக் கீழே என்றால் பம்ப் வழியாகவே கரெக்‌ஷன். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் செட் போய்விட்டது என்று அர்த்தம்.
3. கீட்டோன் 0.6 அல்லது அதற்கு மேல் என்றால் பம்பை நம்பாதீர்கள். கரெக்‌ஷனைப் பேனாவிலோ சிரிஞ்சிலோ போடுங்கள். அதற்குப் பிறகுதான் செட், டியூப், ரிசர்வாயர் மூன்றையும் மாற்றுவது. முதலில் செட்டை மாற்றி அரை மணி நேரம் வீணாக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.
4. தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுகர், கீட்டோன் இரண்டும் திரும்ப.
5. கீட்டோன் 1.5 தாண்டினால் நேரம் பார்க்காமல் டாக்டருக்குப் போன். 3 தாண்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு ஆழமாக வேகமாக வாங்கினாலோ ஆஸ்பத்திரி. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வாந்திக்கு மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள்.

கையால் போட்ட ஊசி பம்பின் கணக்கில் ஏறாது. நேரத்தையும் யூனிட்டையும் எழுதி வையுங்கள். தானியங்கி முறையில் இருந்தால் அடுத்த நாலு மணி நேரம் அதை நிறுத்தி வைப்பது பாதுகாப்பு.

சிரிஞ்சைப் பற்றி ஒன்று. நம் நாட்டில் சிவப்பு மூடி சிரிஞ்ச் யு-40க்கு, ஆரஞ்சு மூடி யு-100க்கு. பம்ப் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 4 யூனிட் என்று இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட். நாலேகால் மணி ராத்திரியில் என் கையில் வந்தது அப்பாவின் சிவப்பு மூடி சிரிஞ்ச்தான். மனைவி விளக்கைப் போட்டு, “என்னங்க, இது மாமாவோடது” என்று பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கே வீட்டில் இரண்டையும் வேறு வேறு அறைக்கு மாற்றினோம்.

பக்கத்தில் படுப்பவருக்கு

எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். எழுப்பி எழாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வயிற்றருகே டியூபைக் கழற்ற வேண்டும், வீட்டில் சுகரை ஏற்றும் மருந்தான குளுக்ககான் இருந்தால் போட வேண்டும், 108க்கு அழைக்க வேண்டும். டியூபைக் கழற்றுவதை விழித்திருக்கும் நாளில் அவர் கையாலேயே இரண்டு முறை செய்ய வையுங்கள். பம்பைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகட்டும். அதில் இருக்கும் கணக்கு டாக்டருக்கு உதவும்.

பேசல் சரியா என்று பார்க்கும் ராத்திரிகள்

மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காக இருந்தும் தினமும் விடியற்காலையில் லோவோ ஹையோ வந்தால் பேசலையே சோதிக்க வேண்டும். கொழுப்பில்லாத சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, அதற்கு மேல் சாப்பாடும் போலஸும் இல்லாமல், பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று சுகரைக் குறியுங்கள். 30க்கு மேல் ஏறவோ இறங்கவோ செய்தால், அதுவும் இரண்டு மூன்று ராத்திரி அதே நேரத்தில் நடந்தால், மாற்றம் தேவை. நாலு மணிக்கு மேல் ஏறுவது வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசோலும் செய்யும் வேலை, பலருக்கும் உண்டு. ஏறும் நேரத்தில் கூட்டிப் பயனில்லை. இரண்டு மணி நேரம் முன்னதாக, இரண்டு மணியிலிருந்தே கூட்ட வேண்டும். பேசல் மணிக்கு 0.7 யூனிட் இருந்தால் 0.8க்கு மேல் ஒரேயடியாகப் போகாதீர்கள். சோதனை நடுவில் 70க்குக் கீழே வந்தால் அன்றைய சோதனை முடிந்தது, சர்க்கரை சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கட்டிலருகே எனக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. குளுக்கோஸ் பவுடர், ஒரு ஸ்பூன், சுகர் மீட்டர், கீட்டோன் பட்டைகள், வேகமான இன்சுலின் பேனா, அதற்கு இரண்டு ஊசி, ஒரு முழு செட், பேட்டரி, சின்ன டார்ச். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பேனா நீண்ட நேர இன்சுலின். டப்பா மூடியின் உள்பக்கம் டாக்டரின் கையெழுத்தில் ஒரு தாள்: பம்ப் மொத்தமாகப் படுத்துவிட்டால் நீண்ட நேர இன்சுலின் எத்தனை யூனிட், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை வேகமானது எவ்வளவு. என் பேசல் எண்களும் அதில் இருக்கின்றன. பம்ப் செத்தால் அதிலிருந்து அவற்றைப் படிக்க முடியாது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலாவதி தேதிகளைப் பார்ப்பது மனைவியின் பொறுப்பு, பிஸ்கட் தீர்ந்துபோனால் வாங்குவது என் பொறுப்பு. பிஸ்கட் மட்டும் எப்போதும் ஒன்றாம் தேதிக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.